பேரண்டத்தின் முதல் வெப்பம் எங்கே போயிற்று?

(ஒரு திறனாய்வு)

கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் மாணவர்களுக்கு வானம் காட்டும் மாலைக் கூட்டம் ஒன்று நடந்தது. தொலைநோக்கியில் வியாழனையும் அதன் துணைக்கோள்களையும் பார்த்து முடித்த பிறகு, மணலில் வட்டமாக உட்கார்ந்தோம். ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன் என்ற முறையில் கேள்விகளுக்கு விடை சொல்லும் பொறுப்பு எனக்கு வந்தது. சிதம்பரத்திலிருந்து வந்திருந்த மாணவி ஒருத்தி எழுந்தாள். "சார், பேரண்டம் நெருப்புக் கோளமாகத் தொடங்கிப் படிப்படியாகக் குளிர்ந்தது என்று படித்திருக்கிறோம். நூலகத்தில் பார்த்த வேறொரு புத்தகத்தில், பேரண்டம் ஊதிப் பெருத்தபோது உறைகுளிராக இருந்தது, பிறகுதான் சூடாயிற்று என்று போட்டிருக்கிறது. எது சரி?" என்று கேட்டாள்.

"முதலில் சூடு, பிறகு குளிர்" என்று சொல்லிவிட்டேன். வகுப்பில் ஆண்டாண்டாகச் சொல்லி வாய்க்குப் பழகிவிட்ட விடை அது. அன்றிரவு சிதம்பரம் போகும் ரயில் கிள்ளை நிலையத்தைத் தாண்டும்போதுதான், நான் சொன்னது பாதி விடை என்பது உறைத்தது. அந்தப் பெண் கேட்டது மிக நல்ல கேள்வி. பேரண்டத் தோற்றம் பற்றிய இன்றைய கொள்கையின் வலிமையும் வலுக்குறைவும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன. அதை இங்கே சற்று விரிவாக ஆராய்வோம்.

நாம் சொல்லி வந்த கதை

நெருப்புக் கோளக் கதையில் பொய் ஒன்றும் இல்லை. 1965-ஆம் ஆண்டில் பென்சியாஸ், வில்சன் என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள், வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே அளவில் வரும் நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டறிந்தார்கள். அதன் வெப்பநிலை இன்று 2.725 கெல்வின். பேரண்டம் விரிய விரிய இக்கதிர்வீச்சு குளிர்ந்துகொண்டே வந்திருக்கிறது. பின்னோக்கிக் கணக்கிட்டால் பேரண்டம் பாதி அளவாக இருந்தபோது வெப்பநிலை இருமடங்கு. ஆயிரத்தில் ஒரு பங்காக இருந்தபோது ஆயிரம் மடங்கு. இப்படியே போனால், பிறந்து ஒரு வினாடி ஆனபோது வெப்பநிலை சுமார் 1,000 கோடி கெல்வின் என்று கிடைக்கிறது.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. அந்த ஒரு வினாடி தொடங்கிச் சில நிமிடங்களுக்குள் நடந்த அணுக்கரு வினைகளால், சாதாரணப் பொருளின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு ஹீலியம் ஆகியிருக்க வேண்டும் என்று கொள்கை சொல்கிறது. வானில் பார்க்கும்போது அதே அளவுதான் இருக்கிறது. ஆகவே முதல் வினாடிக்குப் பின் பேரண்டம் கொதித்துக்கொண்டிருந்தது என்பது ஐயமற அறிந்த செய்தி.

தவறு அடுத்த படியில் நேர்கிறது. ஒரு வினாடி வரை சரியாக வந்த கணக்கை, அதற்கு முன்னும் அப்படியே நீட்டிக்கொண்டு போகலாம் என்று நாமாகவே எண்ணிக்கொள்கிறோம். அவ்வாறு நீட்டினால் ஒரு சிக்கல் எழுகிறது. பேரண்டம் பிறந்து 3,80,000 ஆண்டுகள் ஆனபோது புறப்பட்ட ஒளிதான் இன்றைய நுண்ணலைக் கதிர்வீச்சு. அதுவரை ஒளி கடந்திருக்கக்கூடிய தூரம், இன்றைய வானில் சுமார் 2 பாகை அகலத்துக்கு மேல் வராது. அதைவிட விலகியிருக்கும் இரு பகுதிகள் ஒன்றோடொன்று தொடர்பே கொண்டிருக்க முடியாது. ஆயினும் கிழக்கு வானமும் மேற்கு வானமும் இலட்சத்தில் ஒரு பங்கு வரை ஒரே வெப்பநிலையில் இருக்கின்றன. கலக்காத இரு பாத்திரங்களின் நீர் எப்படி ஒரே சூட்டுக்கு வந்தது?

ஐஸ் பெட்டி சொல்லும் பாடம்

இதற்கு விடையாக 1981-ஆம் ஆண்டில் ஆலன் கூத் என்னும் அமெரிக்க விஞ்ஞானி வெளியிட்டதே பெருவீக்கக் கொள்கை. இதைப் புரிந்துகொள்ளப் பள்ளியில் படித்த உள்ளுறை வெப்பம் போதும்.

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் மீன் பெட்டிகளில் ஐஸ் நிரப்புவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கிராம் ஐஸ் உருகும்போது சூழலிலிருந்து 80 கலோரி வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. அதே ஒரு கிராம் நீர் உறையும்போது அந்த 80 கலோரியைத் திருப்பித் தந்துவிடுகிறது. தூய நீரை அசைக்காமல் மெல்லக் குளிர வைத்தால், சுழி டிகிரிக்குக் கீழே போன பின்பும் அது உறையாமல் நீராகவே நிற்கும். இதற்கு மிகைக்குளிர்வு என்று பெயர். பிறகு திடீரென உறையத் தொடங்கும்போது, வெளிவரும் உள்ளுறை வெப்பத்தால் அதன் வெப்பநிலை மீண்டும் சுழி டிகிரிக்கு ஏறும்.

கூத்தின் கருத்துப்படி தொடக்கப் பேரண்டமும் இப்படி மிகைக்குளிர்வில் சிக்கிக்கொண்டது. அங்கே நீரின் இடத்தில் இருந்தது, வெளி முழுவதும் பரவிய ஒரு புலம். உறையாமல் நின்ற அப்புலத்தின் ஆற்றல், பேரண்டத்தை மீண்டும் மீண்டும் இருமடங்காக்கியது. கண்ணிமைக்கும் நேரத்தைவிட எத்தனையோ கோடி கோடி மடங்கு குறுகிய காலத்தில் அது குறைந்தது 10²⁶ மடங்கு பெருத்தது. முதலில் ஒன்றோடொன்று கலந்து ஒரே சூட்டில் இருந்த சிறு பகுதியே இப்படி ஊதி, நாம் காணும் வானம் அனைத்தும் ஆயிற்று என்றால், கிழக்கும் மேற்கும் ஒத்திருப்பதில் வியப்பில்லை.

இப்போது வெப்பநிலையைப் பாருங்கள். 10²⁷ கெல்வினில் இருந்த பேரண்டம் 10²⁶ மடங்கு விரிந்தால் எஞ்சுவது வெறும் 10 கெல்வின். முதல் சூடு வற்றிப்போகிறது. அதன்பின் புலம் "உறைந்து" உள்ளுறை ஆற்றலை வெளிவிட, பேரண்டம் மறுபடி சூடாகிறது. நம் புத்தகங்களின் நெருப்புக் கோளம் இந்த இரண்டாவது சூடு. ஆகவே மாணவியின் கேள்விக்குக் கூத் தந்திருக்கக்கூடிய விடை: சூடு, குளிர், மீண்டும் சூடு.

முதல் சூட்டின் வீழ்ச்சி

இங்கேதான் திறனாய்வு தொடங்க வேண்டும். இக்கதையின் முதல் "சூடு" எங்கிருந்து வந்தது?

கூத்தின் கொள்கையில் அதற்கு முக்கியமான வேலை இருந்தது. மிக உயர்ந்த வெப்பநிலையில் இத்தகைய புலங்கள் ஒரு குறிப்பிட்ட சமநிலையில் நிறுத்தப்படும் என்று கிர்ஷ்னிட்ஸ், லிண்டே என்னும் சோவியத் விஞ்ஞானிகள் 1972-லேயே காட்டியிருந்தார்கள். அந்தச் சூடுதான் புலத்தை மேட்டின் உச்சியில் கொண்டுபோய் வைக்கிறது. சூடு தணிந்ததும் புலம் அங்கே மாட்டிக்கொள்கிறது. ஆனால் கூத்தின் வடிவத்தில் ஒரு குறை இருந்தது. உறைந்த குமிழிகள் ஒன்றோடொன்று சேராமல் போகும். சீரான பேரண்டம் கிடைக்காது. அக்குறையை அவரே ஒப்புக்கொண்டார். 1982-இல் லிண்டேயும், தனியாக ஆல்பிரெக்ட்டும் ஸ்டைன்ஹார்ட்டும், புலம் மேட்டிலிருந்து மெல்ல உருண்டு இறங்கும் புதிய வடிவத்தைத் தந்தார்கள்.

அதிலும் வெப்பம் தொல்லை கொடுத்தது. நுண்ணலைக் கதிர்வீச்சில் உள்ள ஏற்றத்தாழ்வு இலட்சத்தில் ஒரு பங்கு. அந்த அளவு சிறிய சுருக்கங்கள் மட்டுமே உண்டாக வேண்டுமானால், இப்புலம் தன்னோடு தானே வினைபுரியும் வலிமை இலட்சம் கோடியில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோ இருக்க வேண்டும். மற்றவற்றோடும் அது ஏறக்குறைய ஒட்டாமலே இருக்க வேண்டும். அவ்வளவு ஒதுங்கியிருக்கும் புலத்துக்குச் சூழலின் வெப்பம் எப்படிப் போய்ச் சேரும்? வெந்நீர்ப் பானைக்குள் இறுக மூடிய தெர்மாஸ் குடுவையை வைத்தால், உள்ளே இருக்கும் பாலுக்கு வெளியே உள்ள சூடு நெடுநேரம் தெரியாது. இங்கும் அதே நிலைமைதான். எனவே 1983-இல் லிண்டே, தொடக்கச் சூடு தேவையே இல்லாத வேறொரு வடிவத்துக்குப் போய்விட்டார்.

சூட்டை வைத்துப் பிறந்த கொள்கை, இரண்டே ஆண்டுகளில் சூட்டைக் கைவிட்டது. இது குற்றமன்று, விஞ்ஞானம் இப்படித்தான் வளரும். ஆனால் பொதுமக்களுக்கு எழுதும் நாம், கைவிடப்பட்ட அந்த முதல் சூட்டை நிரூபிக்கப்பட்ட உண்மைபோல இன்னும் முதல் பக்கத்தில் வரைந்துகொண்டிருக்கிறோம். அந்தக் குற்றம் நம்முடையது.

இரண்டாம் சூடு எவ்வளவு?

சரி, பெருவீக்கம் முடிந்தபின் வந்த இரண்டாம் சூடாவது தெளிவாகத் தெரியுமா? நெய்வேலி அனல் மின் நிலையப் பொறியாளரிடம் கேட்டால், இத்தனை டன் பழுப்பு நிலக்கரிக்கு இவ்வளவு வெப்பம் என்று கணக்குச் சொல்வார். பெருவீக்கக் கொள்கைக்காரரிடம் அப்படிக் கேட்க முடியாது. எரிபொருளாக இருந்த புலம் எது என்பது தெரியாது. அது எப்படி எரிந்து துகள்களாக மாறிற்று என்பதற்கும் பல வழிகள் சொல்லப்படுகின்றன. ஹீலியம் உண்டாக வேண்டுமானால், மீண்டும் எழுந்த வெப்பநிலை குறைந்தது சில ஆயிரம் கோடி கெல்வின் இருந்திருக்க வேண்டும். தொடக்கக்கால ஈர்ப்பலைகளின் தடயம் இதுவரை தென்படவில்லை என்பதால், அது 10²⁹ கெல்வினைத் தாண்டியிருக்க முடியாது. கீழ் எல்லைக்கும் மேல் எல்லைக்கும் இடையே ஏறத்தாழ 18 சுழிகள் வித்தியாசம்! இவ்வளவு அகலமான இடைவெளியை வைத்துக்கொண்டு, இதைக் கண்டுவிட்டோம் என்று சொல்வது பொருந்தாது.

குளிராமலே ஊதினால்?

இந்தக் குறையைக் கண்டு வேறு வழி தேடியவர் அர்ஜுன் பெரெரா. 1995-இல் அவர் "இளஞ்சூட்டுப் பெருவீக்கம்" என்னும் கருத்தை வெளியிட்டார். மேட்டிலிருந்து உருளும் புலம் சூழலோடு உராய்ந்து, உருளும்போதே சிறிது சிறிதாக வெப்பத்தை வெளிவிடுகிறது. விரிவு சூட்டைத் தணிக்கத் தணிக்க, உராய்வு அதை ஈடு செய்கிறது. அப்படியானால் பேரண்டம் ஒருபோதும் உறைகுளிருக்குப் போகவில்லை. மறுபடி சூடேற்றத் தனி ஏற்பாடும் வேண்டாம். விண்மீன் திரள்களுக்கு வித்தான ஏற்றத்தாழ்வுகளும் குவாண்டம் நடுக்கத்தால் வரவில்லை, வெப்ப அசைவுகளால் வந்தன என்று ஆகிறது.

கேட்பதற்கு அழகாக இருக்கிறது. ஆனால் 1999-இல் யோகோயாமாவும் லிண்டேயும் கூர்மையான கேள்வி ஒன்றை எழுப்பினார்கள். போதிய உராய்வு வேண்டுமானால் புலம் மற்றத் துகள்களோடு வலுவாக ஒட்ட வேண்டும், அப்படி ஒட்டினால் அதே வெப்பம் புலத்தின் மெல்லிய சரிவைச் செங்குத்தாக்கிவிடும், பெருவீக்கம் நீடிக்காது. 2016-இல் பெரெராவும் கூட்டாளிகளும், வெப்பத் திருத்தங்கள் ஒன்றையொன்று பெரும்பாலும் தள்ளுபடி செய்துகொள்ளும் ஒரு வடிவத்தைக் காட்டினார்கள். முடியாது என்ற தடை நீங்கிற்று. ஆனால் அதற்காகவே பொருத்தி வைத்த புதுத் துகள்களும் சமச்சீர்களும் தேவைப்படுகின்றன. ஆகவே இளஞ்சூட்டுக் கொள்கை இன்று நடக்கக்கூடியது என்னும் தகுதியைப் பெற்றிருக்கிறது. நடந்தது என்று சொல்லும் தகுதியை இன்னும் பெறவில்லை.

வீராணத்தில் ஒரு குடம் வெந்நீர்

இத்தனை ஐயங்களுக்கு நடுவே, நம் நாட்டில் நடந்த ஓர் ஆராய்ச்சி என்னை மிகவும் கவர்ந்தது. 2006-ஆம் ஆண்டில் ஆமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் கௌசிக் பட்டாச்சார்யா, சுபேந்திர மொகந்தி, ராகவன் ரங்கராஜன் ஆகிய மூவரும் இந்த முதல் சூட்டைப் பற்றியே ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கையாண்ட முறையை நம் ஊர் உதாரணம் ஒன்றால் விளக்கலாம்.

30 டிகிரியில் இருக்கும் நீரில் யாரோ 10 லிட்டர் கொதிநீரை ஊற்றிவிட்டார் என்று வையுங்கள். அது 90 லிட்டர் கொண்ட தொட்டியானால் வெப்பநிலை 37 டிகிரிக்கு ஏறும். கையை வைத்தாலே தெரியும். வீராணம் ஏரியானால் எந்த வெப்பமானியும் காட்டாது. இப்போது கேள்வியைத் திருப்புங்கள். நம்மிடம் பத்தில் ஒரு டிகிரி வரை காட்டும் வெப்பமானி இருக்கிறது, அளந்து பார்த்தோம், சூடு தெரியவில்லை. இதிலிருந்து என்ன அறியலாம்? கொதிநீர் ஊற்றியது உண்மையானால், கலந்த நீர் 7,000 லிட்டருக்குக் குறையாது! சூட்டைக் காணாததே நீரின் அளவைப் பற்றி ஒரு செய்தி தருகிறது.

ஆமதாபாத் விஞ்ஞானிகள் செய்ததும் இதுதான். பெருவீக்கத்தின் தொடக்கத்தில் புலம் வெப்பத் துகள்கள் நிறைந்ததாக இருந்திருந்தால், ஏற்கெனவே இருக்கும் துகள்கள் புதிய ஏற்றத்தாழ்வுகளைத் தூண்டிப் பெருக்கும். லேசர் கருவியில் இருக்கும் ஒளித்துகள்கள் மேலும் ஒளித்துகள்களைத் தூண்டுவது போன்ற நிகழ்ச்சி இது. நீண்ட அலைகளில் இது மிகுதி. அதாவது வானத்தின் பெரும் பரப்புகளில் வெப்பநிலை வேறுபாடு எதிர்பார்ப்பதைவிடக் கூடுதலாகத் தெரிய வேண்டும். 2001-இல் ஏவப்பட்ட டபிள்யூமேப் செயற்கைக்கோளின் அளவீடுகளோடு ஒப்பிட்டார்கள். அக்கூடுதல் அங்கே இல்லை.

அதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைத்தன. ஒன்று, நாம் இன்று காணும் பேரண்டத்தின் அளவுடைய அலைகள் உருவான கட்டத்தில் அப்புலத்தின் வெப்பநிலைக்கு ஒரு மேல் எல்லை. மற்றொன்று, தொடக்கத்தில் சூடு இருந்திருந்தால், வானம் ஒத்திருப்பதை விளக்கத் தேவையான அளவையும் தாண்டிப் பெருவீக்கம் நீடித்திருக்க வேண்டும். தொட்டியன்று, ஏரி!

மறதிக்காரக் கொள்கை

இந்த ஆராய்ச்சியைப் பாராட்டும்போதே அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். முடிவு "சூடு இருந்திருந்தால்" என்ற நிபந்தனைக்கு உட்பட்டது. தெர்மாஸ் குடுவைபோல ஒதுங்கியிருக்கும் புலத்துக்குச் சூடு எப்படி வந்திருக்கும் என்ற பழைய கேள்வி இங்கும் எழும். ஈர்ப்பு விசையே மிக வலுவாக இருந்த முதற்கணத்தில் எல்லாம் ஒன்றாகக் கலந்து சூடேறியிருக்கலாம் என்று விடை சொல்ல வழி உண்டு. ஆனால் அது நிறுவப்பட்டதன்று.

இதைவிடப் பெரிய இடர்ப்பாடு ஒன்று உண்டு. பெருவீக்கத்தின் பெருமையே, தொடக்கம் எப்படியிருந்தாலும் முடிவு ஒன்றுபோல இருக்கும் என்பதுதான். தொடக்கத்தின் சுவடுகளை அது அழித்துவிடுகிறது. ஆனால் சுவடுகளை அழித்தபின், அவை அழிந்தன என்பதற்குச் சான்று கேட்டால் எதைக் காட்டுவது? சூட்டின் தடயம் கிடைத்தால் "பெருவீக்கம் சற்றே குறுகியது" என்பார்கள்; கிடைக்காவிட்டால் "நெடியது" என்பார்கள். எது வந்தாலும் கொள்கை தோற்காது. கொள்கையை உருவாக்கியவர்களில் ஒருவரான ஸ்டைன்ஹார்ட் பின்னாளில் அதன் கடுமையான விமர்சகரானதற்கு, அதைச் சோதித்துத் தள்ள வழியில்லை என்ற குறை முக்கியக் காரணம். 2017-இல் அவரும் இருவரும் எழுதிய கட்டுரைக்கு, கூத், லிண்டே உட்பட 33 விஞ்ஞானிகள் மறுப்புக் கடிதம் எழுதினார்கள்.

யார் பக்கம் நியாயம்? சோதிக்கவே முடியாது என்பது மிகை. நீண்ட அலைகளில் ஏற்றத்தாழ்வு சற்றே கூடுதலாக இருக்கும் என்று பெருவீக்கத்தின் எளிய வடிவங்கள் முன்கூட்டியே சொல்லின. 2009-இல் ஏவப்பட்ட பிளாங்க் செயற்கைக்கோள் அதை நுட்பமாக அளந்து காட்டிற்று. இது நல்ல வெற்றி. பல தனி வடிவங்கள் அளவீடுகளால் தள்ளப்பட்டும் இருக்கின்றன. ஆனால் வெப்பத்தைப் பொறுத்தவரை, பெருவீக்கத்துக்கு முன் எவ்வளவு, நடுவே எவ்வளவு, முடிவில் எவ்வளவு என்ற மூன்று கேள்விக்கும் கொள்கை ஓர் எண்ணைத் தரவில்லை. ஓர் எண்ணுக்கு உறுதி கூறி, அது பொய்த்தால் விலகத் தயாராக இருக்கும்போதுதான் கொள்கை முழுமை அடைகிறது. ஆமதாபாத் கட்டுரையின் மதிப்பு இதில்தான் இருக்கிறது. நழுவிப் போகும் ஒரு கொள்கையிடமிருந்து அது ஓர் எல்லையைக் கறந்து எடுத்தது.

சிதம்பரத்து வெட்டவெளி

ஒரு மாதம் கழித்து அந்த மாணவியைச் சிதம்பரம் கீழவீதியில், தோழிகளோடு கண்டேன். கோயிலுக்கு வந்த வெளியூர் அன்பர் ஒருவர், இது ஆகாயத் தலம், வெற்றிடத்திலிருந்து உலகம் வந்த கதை நம் முன்னோருக்கு அன்றே தெரியும், ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் நடராசர் சிலை இருப்பதே அதற்குச் சாட்சி என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார். அது சரியா என்று கேட்டாள்.

அந்தச் சிலை 2004-இல் இந்திய அரசு அளித்த அன்பளிப்பு; ஒரு பெருங்கலை வடிவத்துக்குக் கிடைத்த மரியாதை. அதை இயற்பியலின் சாட்சியாக்குவது கோயிலுக்கும் பெருமையன்று, இயற்பியலுக்கும் பெருமையன்று என்றேன். இயற்பியலின் வெற்றிடம் கணக்குக் கொடுக்க வேண்டிய வெற்றிடம். 1977-இல் கிப்பன்ஸும் ஹாக்கிங்கும், வேகம் கூடிக்கொண்டே விரியும் வெற்றிடத்துக்கும் ஒரு வெப்பநிலை உண்டு என்று காட்டினார்கள். இன்றைய விரிவுக்கு அது ஏறத்தாழ 10⁻³⁰ கெல்வின். அளக்க முடியாத சிறுமை. ஆனால் அது ஓர் எண்.

பிறகு கடற்கரையில் சொன்ன விடையைத் திருத்தினேன். "முதல் வினாடிக்குப் பின் சூடு; இது உறுதி. அதற்கு முன் ஒரு கட்டத்தில் உறைகுளிராக இருந்திருக்கலாம். நல்ல காரணங்கள் உண்டு, உறுதி இல்லை. அதற்கும் முன்னால் சூடு இருந்ததா என்பதற்குத் தடயம் தேடினார்கள்; கிடைக்கவில்லை."

அவள் சற்று யோசித்தாள். "அப்படியானால் பரீட்சையில் எதை எழுதுவது சார்?"

"புத்தகத்தில் இருப்பதை எழுது, மதிப்பெண் வாங்கு" என்றேன். "ஆனால் முதல் வினாடிக்குப் பின் என்ற மூன்று சொல்லை முன்னால் சேர்த்து எழுது. யாரும் மதிப்பெண்ணைக் குறைக்க மாட்டார்கள்."

பாடநூல் எழுதுவோரும், இத்தகைய பக்கங்களில் எழுதும் நாமும், அந்த மூன்று சொல்லைச் சேர்த்துக்கொள்ளலாம்.